நாயார் பார்த்துச் சொல்லட்டும்

மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த ஓவியத்தின் வலது மூலை கடிபட்டிருந்தது.

ஓவியக்காரி அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. பல் பதிந்து, ஈரமாகி, காய்ந்து போயிருந்தது. பக்கத்திலேயே கவிஞரின் கூரான பென்சில் எழுத்து: ‘நாயார் பார்த்தார். இது தாம் இல்லை என்கிறார்.’

“என்னங்க, இங்க வந்து இந்த அநியாயத்தைப் பாருங்க. என் படத்தை நாய் கடிச்சிருக்கு!”

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டியபடியே வந்து தாளை வாங்கிப் பார்த்தார்.

“நல்லதுதானே? நிஜ நாய்னு நினைச்சு சண்டைக்குப் போயிருக்கும். அவ்வளவு தத்ரூபமா இருக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் வரைந்த எல்லாவற்றையும் அவர் தத்ரூபம் என்றுதான் சொல்லி வருகிறார். மிக்ஸி மூடியை எப்படிப் பொருத்துவது என்று அவள் வரைந்து கொடுத்த படத்தைக்கூட அப்படித்தான் சொன்னார். அதனால் அந்தச் சொல்லை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

“ஆனா ஒண்ணு,” என்றார் அவர், கடிபட்ட மூலையை மெக்கானிக் கண்ணோடு உற்றுப் பார்த்து. “பல்லெல்லாம் பொடிசா, வரிசையா இருக்கு. தினம் பல் தேய்க்கற நாய் போல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

இத்தனை வருஷமாக அவள் வரைந்ததெல்லாம் அம்புக்குறிகள்தாம். மூடியை இந்தப் பக்கம் திருப்பவும். சொட்டு மருந்தைக் கண்ணின் இந்த மூலையில் விடவும். நாற்காலியின் காலை இந்தத் துளையில் செருகவும். எத்தனையோ பேர் அவளுடைய அம்புக்குறியை நம்பி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வரைந்தது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை, கீழே விழுந்தவர்கள்கூட.

இப்போதுதான் முதல் முறையாக ஒரு குழந்தைகள் புத்தகம் கைக்கு வந்திருக்கிறது. பெயர் ‘எங்கள் வீட்டு நாயார்’. வீட்டில் வளரும் ஒரு நாய் காலையில் கண் விழிப்பதிலிருந்து ராத்திரி தூங்குவது வரை என்னென்ன செய்கிறது என்று பக்கத்துக்கு ஒரு பாட்டு, பாட்டுக்கு ஒரு படம். அட்டையில் கவிஞர் பெயருக்குக் கீழே ‘ஓவியங்கள்’ என்று போட்டு அவள் பெயர் வரும். அந்த ஒரு வரிக்காக அவள் எதையும் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள், நாய்க்கடி உட்பட.

கவிஞர் ஓய்வு பெற்ற சர்வேயர். வாழ்நாளெல்லாம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். பாட்டிலும் அதே கறார். ‘இதில் கற்பனை ஒரு சொல்கூடக் கிடையாது. அத்தனையும் கண்ணால் கண்டது. படமும் அப்படியே இருக்க வேண்டும். இருக்கிறதா என்று நாயாரே பார்த்துச் சொல்வார்’ என்று பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பதிப்பகத்தில் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். இந்தப் படம் கடிபட்டுத் திரும்பிய பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

கவிஞரிடமே நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எழுதுகிறவரும் வரைகிறவரும் சந்திக்கவே கூடாது என்று அந்தப் பதிப்பகத்தில் ஒரு சட்டம். முன்பு ஒரு கவிஞரும் ஓர் ஓவியரும் கிளியின் மூக்கு எவ்வளவு வளைய வேண்டும் என்று அலுவலகத்திலேயே சண்டையைத் தொடங்கி, சண்டை முற்றிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு, தனியாகப் பதிப்பகமே ஆரம்பித்துவிட்டார்களாம். அன்றிலிருந்து எதுவானாலும் பதிப்பாசிரியர் வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும்.

அவள் பதிப்பாசிரியருக்குப் போன் போட்டாள்.

“சார், முதல்ல குட்டி நாயா வரைஞ்சேன். ‘இவ்வளவு சிறுசு இல்லை’ன்னாரு. பெருசா வரைஞ்சேன். ‘கட்டிலுக்கு அடியில எப்படிப் போகும்’னாரு. நடுத்தரமா வரைஞ்சா நாய் கடிக்குது. இது என்ன வகை நாய் சார்?”

“கேட்டேம்மா. ‘எங்க வீட்டு வகை’ன்னாரு.”

“நிறமாவது சொன்னாரா?”

“மாநிறமாம். வெயில்ல போனா கறுத்துடுமாம்.”

“ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்களேன்.”

“அதெல்லாம் கேட்டா அவர் குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சுடறாரு. ஏன்னு கேட்டா, ‘பக்கத்துலதான் இருக்கு, காதுல விழுந்துடும்’ங்கறாரு.”

“யார் காதுல?”

“நாய் காதுலதான்.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

“கவிஞர்னா அப்படித்தாம்மா,” என்றார் பதிப்பாசிரியர்.

“சரி சார், இந்த ஜன்னல் பாட்டைக் கொஞ்சம் பாருங்க,” என்று அவள் படித்துக் காட்டினாள்.

எட்டி ஜன்னல் கம்பியினை
இரண்டு கையால் பிடிப்பாரே!
எதிரே போகும் லாரியிடம்
எச்சில் தெறிக்கக் குரைப்பாரே!

“நாய்க்கு ஏது சார் கை?”

“முன்னங்கால்னு போட்டா சந்தம் உதைக்கும்மா.”

“உதைச்சா உதைக்கட்டுமே சார், கால்தானே!”

பதிப்பாசிரியர் குரலைத் தாழ்த்தினார். “இதோ பாரும்மா. நீ நல்லா வரைவேன்னு நான்தான் முதலாளிகிட்ட அடிச்சுச் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த நாய் சரின்னு சொல்லலைன்னா, வேலையைத் தன் மச்சான்கிட்ட குடுத்துடுவேன்னு சொல்றாரு. அவர் கம்ப்யூட்டர்லயே போட்டுடுவாராம்.”

மச்சானின் கைவரிசை அவளுக்குத் தெரியும். போன புத்தகத்தில் யானை, எலி, தபால்காரர் மூன்று பேருக்கும் ஒரே மூஞ்சி.

தான் நாய் வளர்த்துப் பழகாததுதான் குறை என்று அவள் முடிவுக்கு வந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரரிடம் ஒரு நாய் இருந்தது. எந்நேரமும் வெட்டுத்துணிக் குவியல் மேல் படுத்துக் கிடப்பதால் அதற்கு ‘மெத்தை’ என்று பெயர்.

“அரைநாள் குடுங்கண்ணே. பார்த்து வரைஞ்சுட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்.”

“தாராளமா கூட்டிட்டுப் போம்மா. ஆனா அது ஒண்ணும் செய்யாது.”

“கடிக்காதா?”

“கடிக்காது, குரைக்காது, நடக்காது. ஒண்ணும் செய்யாதுன்னா ஒண்ணுமே செய்யாது.”

தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி எல்லாரும் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று நினைத்து அவள் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தையல்காரர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். அது அவள் அறைக்குள் வந்ததும் மேஜைக்குக் கீழே ஓர் இடம் பார்த்துப் படுத்தது. பந்தை உருட்டினாள், பந்து போகிற திசையைப் பார்த்தது. பிஸ்கட் கொடுத்தாள், படுத்தபடியே தின்றது. வேறு வழியில்லாமல் அவளே பூனை மாதிரி கத்திப் பார்த்தாள். மெத்தை ஒரு கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

சரி, எலும்பு அமைப்பையாவது பார்த்து வரையலாம் என்று உட்கார்ந்து வரைந்தாள். நடுவில் காப்பி போட எழுந்து போனாள். அந்தச் சின்ன இடைவெளியில்தான் மெத்தை தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாகச் சொந்தமாக ஒரு காரியம் செய்தது. பிரஷ் கழுவும் தண்ணீரைக் குடித்துவிட்டது.

நீல நாக்கோடு திரும்பிப் போன நாயைப் பார்த்துத் தையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கால்நடை டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். குழந்தைகளுக்கான வண்ணம், தானே போய்விடும். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் நாய்க்கு என்ன வியாதி என்று கேட்டு, அளவு கொடுக்காமலே நழுவிவிட்டார்களாம். அவள் தைக்கக் கொடுத்திருந்த துணி வெட்டாமலே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அந்தப் படங்களும் திரும்பி வந்தன. இந்த முறை நாலு மூலையும் கடி. ‘இது வேறு யாரோ நாய்’ என்று எழுதியிருந்தது.

அதோடு வால் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது.

வாலைத் தேடி நாயாரே
வட்டம் போட்டு வருவாரே!
காலை முழுதும் தேடிவிட்டுக்
கவலையோடு படுப்பாரே!

தன் வாலைத் தானே துரத்திச் சுற்றும் நாய். இதைக் கண்ணை மூடிக்கொண்டு வரையலாம் என்று அவள் சந்தோஷமாக வரைந்து அனுப்பியிருந்தாள். கவிஞரின் குறிப்பு வந்தது: ‘வால் படத்தில் இருக்கிறதே? இருந்தால் அவர் ஏன் தேடப் போகிறார்?’

சர்வேயர் கேள்வி. அவள் வெகு நேரம் யோசித்துவிட்டு, ஓகோ, இது வால் இல்லாத நாய் போலிருக்கிறது, பாவம், அதைத்தான் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார் என்று கண்டுபிடித்தாள். வரைந்து வைத்திருந்த எல்லாப் படத்திலும் வாலை அழித்து, அழித்த இடத்தில் முதுகை ஒட்டுப்போட்டு அனுப்பினாள். மறுநாளே குறிப்பு வந்துவிட்டது: ‘தேடும்போதுதான் வால் இல்லை. மற்ற நேரங்களில் வால் எங்கே? நாயார் மிகவும் வருத்தப்படுகிறார்.’

அவள் அதைக் கணவரிடம் உரக்கப் படித்துக் காட்டினாள்.

“கழட்டி மாட்டற வால் போலிருக்கு,” என்றார் அவர். “லிஃப்ட் கதவுலகூட அப்படி ஒரு பார்ட் உண்டு.”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு, இல்ல?”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அது புதன்கிழமை. அவருக்கு அன்று விடுமுறை. பெண்டாட்டி ஒரு நாயை நினைத்து அழுவதைப் பார்த்துக்கொண்டு விடுமுறையை அனுபவிக்க அவரால் முடியவில்லை. பனியனோடு எழுந்து நின்றார்.

“அழாதம்மா. நான் எதுக்கு இருக்கேன்? நானே நாயா நிக்கறேன், நீ பார்த்து வரை.”

“நீங்க எப்படிங்க…”

“நாலு கால்ல நின்னா எல்லாம் நாய்தான். எந்தப் பாட்டு, சொல்லு.”

அவள் தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தாள்.

குளிக்க அழைத்தால் நாயாரே
குடுகுடு வென்றே ஓடிடுவார்;
ஒளிந்து கொண்டே அலமாரி
உள்ளே கதவைச் சாத்திடுவார்!

துணி அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்தார்கள். துணியெல்லாம் கட்டிலில் மலையாகக் குவிந்தது. அவர் முட்டி போட்டு, தவழ்ந்து உள்ளே நுழைந்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, விரல் நுனியால் கதவை இழுத்துச் சாத்தினார். வெளிப்பக்கத் தாழ்ப்பாள் ‘டக்’கென்று தானாக விழுந்து இறுகிக்கொண்டது.

அந்தத் தாழ்ப்பாளை எப்போதுமே அவர்தான் திறப்பார். ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் அமுக்கி, நடுவில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவள் தூக்கினாள், அமுக்கினாள், தட்டினாள். அது அசையவில்லை.

வருஷக்கணக்காக லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டு வந்தவர் உள்ளேயிருந்து வழக்கப்படி பேசினார். “பதட்டப்படாதீங்க. உள்ள காத்து போதுமான அளவு இருக்கு. உதவி வந்துட்டே இருக்கு.”

“உதவி நான்தாங்க!”

“அப்பச் சரி. மெதுவா வா.”

“உங்களுக்கு மூச்சு முட்டுதான்னு எனக்குத் தெரியணும். நான் தட்டத் தட்ட ஏதாவது சத்தம் குடுத்துட்டே இருங்க.”

சத்தம் என்றால் என்ன சத்தம்? அவருக்குத் தொழிலில் பக்தி அதிகம். எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்ய மாட்டார். அவள் தட்டினாள். “லொள்!” என்றார். அவள் மறுபடி தட்டினாள். “லொள்! லொள்!” என்றார்.

மூன்றாவது முறை தட்டியது அவள் இல்லை. தட்டப்பட்டது வாசல் கதவு. உள்ளேயிருந்து முன்னைவிட உற்சாகமாகக் குரைப்பு எழுந்தது.

வாசலில் வீட்டுச் சொந்தக்காரர் நின்றிருந்தார்.

“நாய் வளர்க்கக் கூடாதுன்னு சொல்லித்தானே வீடு குடுத்தேன்?”

“நாய் இல்ல சார். வீட்டுக்காரர்.”

“வீட்டுக்காரர் நான்தாம்மா!”

“எங்க வீட்டுக்காரர் சார்!”

அவர் நம்பவில்லை. நேரே உள்ளே வந்து, அலமாரியைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார். தாழ்ப்பாள் தெறித்தது. தலையில் ஒரு தலையணை உறை தொங்க, லிஃப்ட் மெக்கானிக் நாலு காலில் வெளியே வந்து விழுந்தார். எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. இருந்த நிலையிலேயே நிமிர்ந்து பார்த்து, “வாங்க சார், உக்காருங்க,” என்றார்.

வீட்டுச் சொந்தக்காரர் உட்காரவில்லை. அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கட்டிலில் கிடந்த துணி மலையைப் பார்த்தார்.

“இதுக்கு நீங்க நாயே வளர்த்துக்கங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே மாடிப்படிப் பாட்டு.

ஏறும் போது மாடிப்படி
எல்லார்க்கும் முன் ஏறிடுவார்;
இறங்கும் போதோ பின்பக்கம்
இறங்கும் முன்னே, முகம் பின்னே!

லிஃப்டை நம்பி வாழ்கிறவருக்கு மாடிப்படி என்றாலே ஆகாது. இருந்தாலும் தவழ்ந்து ஏறினார். ஏறிவிட்டார். இறங்கும்போது தலையை முன்னால் நீட்டினார், கீழே பார்த்தார், மனசை மாற்றிக்கொண்டார். உடம்பைத் திருப்பி, காலை ஒவ்வொன்றாகக் கீழே விட்டுத் தேடி, தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினார்.

“இப்படித்தான் இறங்க முடியும்மா,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. “கவிஞர் சரியாத்தான் எழுதியிருக்காரு.”

அவள் அதை அப்படியே வரைந்தாள். முட்டி ஊன்றி, பின்பக்கம் தூக்கி, தோள் வழியாக எட்டிப் பார்க்கும் உருவம். மூஞ்சியை மட்டும் நாயாக்கினாள். இரண்டு காது, ஒரு வால் சேர்த்தாள். உலகத்தில் எந்த நாயும் முட்டி போட்டு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. வருவது வரட்டும் என்று அனுப்பினாள்.

வியாழக்கிழமை படம் திரும்பி வரவில்லை. குறிப்பு மட்டும் வந்தது: ‘இதுதான் நாயார்! படத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறார். தர மறுக்கிறார். மற்றவற்றையும் இப்படியே வரையவும்.’

அவள் குறிப்பைக் கணவரின் கையில் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு, “தத்ரூபம்னு நான்தான் சொன்னேனே,” என்றார். அந்தச் சொல்லை அவள் முதல் முறையாகக் காதில் வாங்கிக்கொண்டாள். அவருடைய இரண்டு முட்டிக்கும் தைலம் தேய்த்துவிட்டு, “இன்னும் கொஞ்ச நேரம் நிப்பீங்களா?” என்று கேட்டாள்.

அவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நின்றார். கண்ணைக் கசக்கினார், சிந்திச் சிந்திப் பால் குடித்தார், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிற வண்டிகளைப் பார்த்துக் குரைத்தார். பாட்டில் வந்த ‘இரண்டு கை’ அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. எதிர்ப்பக்கம் மெத்தை தன் நீல நாக்கைத் தொங்கவிட்டபடி எழுந்து நின்றே வேடிக்கை பார்த்ததாகத் தையல்காரர் பிறகு சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் பதிப்பாசிரியரிடமிருந்து போன்.

“மச்சான் கம்ப்யூட்டரோட வந்து உக்காந்துட்டாரும்மா. சாயங்காலத்துக்குள்ள நாயோட பதில் வரணும். கவிஞர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்க இங்க ஆளும் இல்ல.”

“நானே போறேன் சார்.”

“ஐயையோ, சட்டம்…”

“எனக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு சார். பயப்படாதீங்க.”

வெறுங்கையோடு போகக் கூடாது என்று வழியில் நாய் பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டாள்.

கவிஞர் உயரமாக, அளவுகோல் மாதிரி நிமிர்ந்து நின்றார். குரல் மட்டும் குசுகுசுவென்றுதான் வந்தது. “வாங்கம்மா, வாங்க. மெதுவா, மெதுவா.”

கூடத்தின் நடுவில் ஒரு பெரிய சாப்பாட்டு மேஜை. அதன் மேல் போட்டிருந்த துணி நாலு பக்கமும் தரை வரைக்கும் தொங்கியது. பக்கத்தில் தரையில் ஒரு தட்டு, அதில் நறுக்கின வாழைப்பழம், அருகில் ஒரு சின்னக் கரண்டி. நன்றாகச் செல்லம் கொடுத்து வளர்க்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டு, பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

கவிஞர் அதை அவசரமாக வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். “இது மட்டும் வேண்டாம்மா. ஏற்கெனவே ஒரு தடவை தின்னுடுச்சு. டாக்டர் திட்டினாரு.”

“நாயார் எங்கங்க?”

“மேஜைக்கு அடியில. குனிஞ்சு பார்த்துடாதீங்க, புது ஆளுன்னா கோவம் வரும். இன்னொரு விஷயம்…” கவிஞர் அவள் காதருகே குனிந்தார். “அது காதுபட ‘இது நாயே இல்லை’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பால்காரர் வாய் தவறிச் சொல்லிட்டாரு. ரெண்டு வேளை சாப்பிடலை.”

அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பார்க்க எவ்வளவு லட்சணக்குறைவாக இருந்தால் பால்காரர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்திருக்கும்! பாவம், அதனால்தான் போட்டோவுக்கும் நிற்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து, முதல் படத்தைத் துணிக்கு அடியில் மெதுவாகத் தள்ளினாள். படம் உள்ளே இழுக்கப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் எதையோ மெல்லும் சத்தம்.

அவளுக்கு உயிர் போய்விட்டது. கவிஞர் கையமர்த்தினார். “ரொட்டிம்மா, ரொட்டி.”

பிறகு உள்ளேயிருந்து மிருதுவாக ஒரு குரல்: “லொள்.”

“சரிங்கறாரு,” என்றார் கவிஞர்.

அடுத்த படம். “லொள்.” அடுத்தது. “லொள், லொள்.” அலமாரிப் படத்துக்கு உள்ளேயிருந்து ஏதோ உருண்டு புரளும் சத்தம் கேட்டது. வால் தேடும் படத்துக்கு ஒரு நீண்ட பெருமூச்சு. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஜன்னல் படம் மட்டும் வெளியே திரும்பி வந்தது. கடி இல்லை. ஆனால் முனகல்.

“என்ன நாயாரே?” என்று கவிஞர் குனிந்து விசாரித்தார். முனகலைக் கவனமாகக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “லாரி பச்சையா இருக்காம். சிவப்பு லாரியைப் பார்த்தாத்தான் குரைப்பாராம்.”

நாய்க்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது என்று அவள் எங்கோ படித்திருந்தாள். படித்ததைப் பற்றி யோசிக்க இது நேரமில்லை. பையிலிருந்து வண்ணத்தை எடுத்து லாரியைச் சிவப்பாக்கி, ஊதிக் காயவைத்து, மறுபடி தள்ளினாள்.

“லொள்! லொள்! லொள்!” மேஜை குலுங்கியது.

கவிஞர் போனை எடுத்துப் பதிப்பாசிரியரைக் கூப்பிட்டார். “நாயார் எல்லாத்தையும் சரின்னுட்டாரு. அந்தம்மா பேரை அட்டையில பெருசாப் போடுங்க. என் பேருக்குக் கீழ வேண்டாம், பக்கத்துலயே போடுங்க.”

ஒரு நாய் பாராட்டி இப்படி அழுகை வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. வந்தது. நன்றாகவும் இருந்தது. தரையில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் தைலம் போட்டுப் படுத்திருக்கும் கணவரை நினைத்துக்கொண்டாள்.

அப்போது வாசல் கதவைத் திறந்துகொண்டு கவிஞரின் மகள் ஆபீஸிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை நாற்காலியில் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீங்கதானே படம் போடறவங்க? அந்த மாடிப்படி படத்தைப் பார்த்து நாங்க எல்லாரும் அசந்துட்டோம். நேர்ல பார்த்த மாதிரியே போட்டிருந்தீங்க.”

“நேர்ல நான் இன்னும் பார்க்கலைங்க,” என்றாள் ஓவியக்காரி. “நானும் நாயைப் பத்தி எவ்வளவோ கேள்விப்பட்டிருக்கேன். ஆனா கதவு சாத்தற நாய், பின்பக்கமா இறங்கற நாய், சிவப்பு எது பச்சை எதுன்னு தெரிஞ்ச நாய்… இப்படி ஒண்ணைப் பத்திக் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்துக்கட்டுமா?”

மகள் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே கேட்காதபடி அவள் காதோடு காதாகச் சொன்னாள்:

“இப்பவே பார்த்துக்கங்க, மூணு வயசு முடிஞ்சுடுச்சு, அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல சேர்த்துட்டா தானா குழந்தையாயிடுவான்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”